ஸ்டீம் கேப்சூல் படம்: பெரிசா அழகா இருக்கு, சின்னதாக்கினா ஒண்ணுமே தெரியல

லீவர்கேபின்:
வணக்கம். நானும் நண்பன் ஒருத்தனும் சேர்ந்து ஒரு பஸில் கேம் பண்ணிட்டிருக்கோம். பேர் 'கைகாட்டி'. ஒரு பழைய ஜங்ஷன்ல லீவர் கேபினுக்குள்ள இருப்பீங்க. எந்த வண்டியை எந்த லைன்ல விடணும், எதை அவுட்டர்ல நிறுத்தணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். லீவரை இழுத்தா பாயின்ட் (தண்டவாளம் பிரியற இடம்) மாறும், கைகாட்டி (கம்பத்துல கை மாதிரி பலகை இருக்கற பழைய சிக்னல்) இறங்கும். சண்டை, ஓட்டம் எதுவும் கிடையாது, நிதானமா யோசிச்சு ஆடுறது.

அடுத்த மாசம் ஸ்டீம்ல (பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடை) எங்க கேம் பக்கத்தைத் திறக்கணும். அங்கே கேமோட அட்டை மாதிரி காட்டற படத்துக்குப் பேர்தான் கேப்சூல். நண்பன் வரைஞ்ச படம் இப்படி: ராத்திரி, மழை, ஈரமான பிளாட்பாரம், தூரத்துல இன்ஜின் வெளிச்சம், கையில விளக்கோட ஒருத்தர் முதுகு காட்டி நிக்கிறார். மேலே மெல்லிசான ஆங்கில எழுத்துல பேர். பெரிய திரையில அவ்வளவு நல்லா இருக்கு. சின்ன அளவுக்குக் கொண்டுவந்தா கறுப்புக்கு நடுவுல ஒரு மஞ்சள் புள்ளிதான் மிச்சம். காட்டினவங்கள்ல பாதிப்பேர் "பேய் கேமா?"ன்னு வேற கேக்குறாங்க.

இதையே வெட்டிச் சரிபண்ணலாமா, புதுசா வரையணுமா? ஏஐ படம் போட்டா பிரச்சினை வருமா? வெளி ஆர்ட்டிஸ்ட்கிட்ட கொடுத்தா என்னென்ன கேட்டு வாங்கணும்?

வண்ணக்கலவை:
தம்பி, நான் ரொம்ப வருஷம் புத்தகங்களுக்கு ரேப்பரும் லெட்டரிங்கும் பண்ணினவ. இப்போ கேம் அட்டைகளும் பண்றேன். நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமாப் படுறது அந்த "பேய் கேமா?" தான். சின்னதா தெரியலைங்கறது அதுக்கு அடுத்த பிரச்சினை. இந்தப் படத்தை அப்படியே கூர்மையாக்கி, எழுத்தைப் பெரிசாக்கிப் போட்டீங்கன்னா, இன்னும் தெளிவாத் தெரியற பேய் கேம்தான் கிடைக்கும்.

ராத்திரி, மழை, விளக்கு, முகம் தெரியாத ஆள். நாலும் சேர்ந்தா திகில்னுதான் யாரும் படிப்பாங்க. திகில் பிடிச்சவர் உள்ளே வந்து, லீவர் வரிசையைப் பார்த்ததும் வெளியே போயிடுவார். ரயில் பஸில் தேடுறவர் இது நமக்கில்லைன்னு தாண்டிப் போயிடுவார். உங்க கேமை நேசிக்கப்போற அந்த ரெண்டாவது ஆளைத் தொலைக்கறதுதான் எனக்கு மனசு ஆறல. அட்டை எல்லாருக்கும் பிடிக்க வேண்டாம், அவருக்குப் புரிஞ்சா போதும். மினி மெட்ரோங்கற பஸில் கேமைப் பாருங்க. ஆட்டமே மெட்ரோ வரைபடக் கோடுகள்தான், அட்டையிலயும் அதே கோடுகள். உள்ளே என்ன பண்ணப்போறோம்னு பார்த்த உடனே தெரிஞ்சுடுது.

அதனால புதுசாவே வரையுங்க. பழைய படம் வீணாகாது. வாங்கின கேமெல்லாம் இருக்கற ஸ்டீம் நூலகத்துல, கேம் பக்கத்துக்கு மேலே வர்ற 3840 x 1240 படத்துல எழுத்தே இருக்கக்கூடாதுன்னு விதி, அங்கே அந்த மழைக்காட்சி பிரமாதமா உட்காரும். வாங்கினவருக்குப் பேய் குழப்பமும் வராது.

புதுப் படத்துக்கு என் யோசனை: ஒரே ஒரு கைகாட்டி. சிவப்புக் கை, நுனிப்பக்கம் வெள்ளைப் பட்டை, 45 டிகிரியில கீழே இறங்கி 'போகலாம்'னு சொல்ற நிலை. கை படுக்கையா நின்னா 'நில்'. இறங்கின கைதான் நமக்கு வேணும், ஏன்னா சாய்ந்த கோடு கண்ணை இழுத்துக்கிட்டுப் போய் நேரா பேர்மேல விடும். கீழே ரெண்டா பிரியற தண்டவாளம். அந்தப் பிரிவு ரொம்ப அவசியம், 'இங்கே நீ ஏதோ ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்'னு அதுதான் சொல்லுது. ஆள் வேண்டாம். பின்னாடி விடியற்காலை வானம், வெளிர் மஞ்சள். ஸ்டீம் பக்கத்தோட பின்னணி கருநீலம், இருட்டான படம் அதுக்குள்ள முங்கிப்போயிடும். வெளிர் வானத்துல சிவப்புக் கை எவ்வளவு சின்னதானாலும் கண்ணுல படும்.

அளவு விஷயம். பெரிசா வரைஞ்சு அப்புறம் குறைக்காதீங்க, சின்னதுல ஆரம்பிங்க. ஸ்மால் கேப்சூல் 462 x 174ல ஏத்துவீங்க, ஸ்டீம் தானாவே அதை 184 x 69, 120 x 45 வரைக்கும் குறைச்சுத் தேடல் பட்டியல்ல காட்டும். 45 பிக்சல் உயரத்துல படம்னு ஒண்ணு நிக்காது. அங்கே பேர் மட்டும் கிட்டத்தட்ட முழு இடத்தையும் நிரப்பணும், பின்னாடி வானத்து நிறம், ஓரத்துல சிவப்புக் கையோட ஒரு துண்டு, அவ்வளவுதான். ஸ்டோர் பக்கத்து மேலே வர்ற ஹெட்டர் 920 x 430. செங்குத்துக் கேப்சூல் 748 x 896, அதுல கம்பத்தை முழுசா நிறுத்தலாம். ஒரே படத்தை எல்லாத்துக்கும் வெட்டிப் போட்டா எங்கேயாவது கை துண்டாயிடும், அதனால ஒவ்வொண்ணுக்கும் தனியா அடுக்கிப் பாருங்க.

எழுத்துக்கு ஃபான்ட் தேடாதீங்க. யாரையாவது லெட்டரிங் பண்ணச் சொல்லுங்க. பழைய ஸ்டேஷன் பேர்ப்பலகையில இருக்கற மாதிரி தடிச்ச, நேரான எழுத்து போதும். பூ வேலை, நிழல் மேல நிழல் எல்லாம் குறைக்கும்போது அழுக்கா மாறிடும்.

கடைசியா ஒரு சோதனை. ஸ்டீம்ல பஸில் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நடுவுல உங்க படத்தை அதே அளவுல ஒட்டி, கேம் ஆடுற ஒருத்தருக்குப் போன்ல சட்டுனு காட்டிட்டு மூடிடுங்க. "நல்லா இருக்கா?"ன்னு கேக்காதீங்க, நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. "இதுல என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க?"ன்னு கேளுங்க.

பில்ட்பாண்டி:
அக்கா சொன்னதுக்கு மேல சில நடைமுறை விஷயங்கள்.

2022 செப்டம்பர் 1லிருந்து கேப்சூல்ல கேமோட படம், பேர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு மட்டும்தான் இருக்கலாம். விருது, விமர்சன மதிப்பெண், 'தள்ளுபடி' எதையும் எழுத முடியாது. பெரிய அப்டேட் வந்தா அதைச் சொல்ற படத்தைத் தற்காலிகமா மாத்திப் போட தனி வசதி இருக்கு, அதிகபட்சம் ஒரு மாசம்.

ஏஐ படம் போடலாம், ஆனா 2024 ஜனவரியில வந்த விதிப்படி அதைத் தெரிவிக்கணும், அது ஸ்டோர் பக்கத்துலயும் தெரியும். அதைப் பார்த்ததும் விலகிப்போற ஆட்டக்காரர்கள் நிறைய. கையால வரையற நண்பர் கூடவே இருக்கும்போது அந்தப் பக்கமே போக வேண்டாம் ப்ரோ.

கூகுள் பிளேல ரெண்டு படத்தை ஒரே நேரத்துல போட்டுச் சோதிக்கற வசதி உண்டு. ஸ்டீம்ல அது இல்லை. ஸ்டீம்வொர்க்ஸ்ல (கேம் பண்றவங்களுக்கான ஸ்டீம் தளம்) இருக்கற டிராஃபிக் அறிக்கையில உங்க படம் எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் பக்கத்துக்குள்ள வந்தாங்கன்னு பார்க்கலாம். படம் மாத்தின வாரத்துல நெக்ஸ்ட் ஃபெஸ்ட் (ஸ்டீமோட டெமோ திருவிழா) மாதிரி ஏதாவது நடந்தா அந்த எண்களை வெச்சு முடிவெடுக்காதீங்க.

பத்திரம்பாரு:
வெளி ஆர்ட்டிஸ்ட் என்றால் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19: உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நீங்கள் விற்கப்போவது உலகம் முழுக்க. காலம், இடம் இரண்டையும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஆர்ட்டிஸ்ட் பெயரை கிரெடிட்ஸில் போடுவதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள், அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை.

வண்ணக்கலவை:
ரொம்பச் சரி. அதோட, லேயர் பிரிச்ச மூல ஃபைல், பின்னணி இல்லாத லோகோ தனியா பிஎன்ஜில. இந்த ரெண்டையும் கேட்டு வாங்கிடுங்க. நூலகத்துக்கு லோகோவைத் தனியாத்தான் ஏத்தணும். ஆர்ட்டிஸ்டுக்குப் பாதிப் பணமாவது முன்கூட்டியே கொடுத்துடுங்க.

லீவர்கேபின்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்க சொன்ன மாதிரியே நண்பன் பென்சில்ல ஒண்ணு போட்டிருக்கான், இணைச்சிருக்கேன். 120 x 45லயும் பேர் படிக்க முடியுது. போன்ல பார்த்த என் அத்தை பையன் "ரயிலை லைன் மாத்தி விடணுமா?"ன்னு கேட்டான்! ஹெட்டர்ல ஏதோ நெருக்கடியா இருக்கு, என்னன்னு பிடிபடல.

வண்ணக்கலவை:
அத்தை பையன் சொன்னது போதும், படம் வேலை செய்யுது. நெருக்கடிக்குக் காரணம் கம்பம் நடுவுல நிக்கறது. இடது ஓரத்துக்குத் தள்ளி, கம்பத்தோட அடிப்பாகத்தைக் கீழே வெட்டிவிடுங்க, பேருக்கு வலது பக்கம் முழுசாக் கிடைக்கும். தந்திக்கம்பங்களை எடுத்துடுங்க, அதெல்லாம் சின்ன அளவுல கீறல் மாதிரிதான் தெரியும்.

இன்னொண்ணு, கையோட நுனியில மீன்வால் வெட்டு போட்டிருக்கார். அது வார்னர் சிக்னல், அடுத்த சிக்னலைப் பத்தி முன்கூட்டியே எச்சரிக்கறது. பாயின்டுக்கு முன்னாடி நிறுத்தற சிக்னலுக்கு நுனி சதுரமா முடியணும், வெள்ளைப் பட்டையும் நேரா இருக்கணும். ரயில் பைத்தியங்கள்தான் உங்க முதல் ஆட்டக்காரர்கள், அவங்க கண்ணுல முதல்ல படப்போறது அதுதான். அதைத் திருத்திட்டு நிறம் போட்டு அனுப்புங்க, பார்க்கறேன்.