சுகர் டெஸ்ட்டுக்கு எங்கே குத்துகிறீர்கள்? கையில் 94, விரலில் 58

காசிமேடு_வலை
நைனாவுக்கு இன்சுலின். துறைமுகத்தில் வலை தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் காய்ப்பு, லான்செட் (குத்துகிற சின்ன ஊசி) இறங்காது. அதனால் முழங்கைக்குக் கீழே குத்திப் பார்ப்பதுதான் வீட்டில் வழக்கம். மெஷினோடு வந்த தாளிலும் கையில் எடுக்கலாம் என்றுதான் போட்டிருக்கிறது.

அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டு போனவர் சாப்பிடாமலே திரும்பி வந்தார். சட்டைக் காலர் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து என் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையில் குத்தினோம், 94. வெயில்தான் என்று அம்மா மோர் கலக்கப் போனார். பக்கத்து வீட்டு அக்கா நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். "விரல்ல எடுடா" என்று அதட்டினார். மோதிர விரல் பக்கவாட்டில் குத்தினால் 58, லோ சுகர். அதே மெஷின், அதே டப்பா ஸ்டிரிப், இடையில் இரண்டு நிமிஷம்கூட இல்லை. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து மறுபடி விரலில் பார்த்த பிறகுதான் அக்கா எழுந்து போனார்.

விரல் நுனியில் ரத்தம் வேகமாக ஓடுகிறது, முன்னங்கையில் மெதுவாக. சுகர் சரசரவென்று இறங்கும்போது கை அரை மணி நேரத்துக்கு முந்தைய கணக்கைக்கூடக் காட்டலாம் என்றார். அந்த 94 இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இனி எங்கள் வீட்டில் யாரும் கையில் எடுப்பதில்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை_மருமகள்
அண்ணா, படிக்கவே பதறுகிறது. ஆனால் யாருமே எடுக்கக் கூடாது என்று சொல்லாதீர்கள். என் மாமியார் பூ கட்டுகிறவர். விரலில் குத்திய இடத்தில் நார் உரசினால் அன்றைக்கு முழுக்க முகம் சுருங்கிப் போகும். ஒரு நாள் கட்டிய மல்லியில் ரத்தப் பொட்டு இருந்தது என்று வாங்கினவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த முழத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் டாக்டரைக் கேட்டு உள்ளங்கைக்கு மாறினோம், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில். அங்கே விரலைப் போலவே காட்டும் என்றார். காலையில் வெறும் வயிற்றில், சுகர் ஏறாமல் இறங்காமல் இருக்கும் நேரத்தில், முன்னங்கையும் பரவாயில்லையாம். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள், ஊசி போட்ட பிறகு, வேகமாக நடந்துவிட்டு வந்த பிறகு என்றால் மட்டும் கை வேண்டாம். அவர் இன்சுலின் போடுவதில்லை, மாத்திரைதான்.

தண்டையார்பேட்டை_65
மேலே தங்கை சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. லோ வந்தால் உடம்பு காட்டிக்கொடுப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. பல வருஷ சுகர்காரர்கள் சிலருக்கு வியர்வையும் நடுக்கமும் வராமலே இறங்கிவிடும். பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரையும் படபடப்பை மறைக்கும். அவர்களுக்கு எப்போதும் விரல்தான்.

என் கதை சின்னது. மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கையைப் புடவையில் துடைத்துவிட்டு டெஸ்ட் எடுத்தாள், 263. அழ ஆரம்பித்துவிட்டாள். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு எடுத்தால் 131.

அதனால் சொல்கிறேன். ஸ்பிரிட்டை விட சோப்பும் தண்ணீரும் மேல். ஸ்பிரிட் தடவினால் நன்றாகக் காயட்டும். ஈரக் கையிலும் எடுக்காதீர்கள். நுனியின் நட்டநடுவில் குத்தாதீர்கள், நரம்பு அங்கேதான் அதிகம், பக்கவாட்டில் வலி குறைவு. கையைத் தொங்கப்போட்டு உதறிவிட்டுக் குத்தினால் ரத்தம் தானே வரும். பிழிந்து பிழிந்து எடுத்தால் கணக்கு தப்பும். தினமும் ஒரே விரலைப் படுத்தாமல் மாற்றிக்கொண்டே இருங்கள். கால் விரலில் குத்தவே வேண்டாம், சுகர்காரர் காலில் சின்னப் புண்ணும் லேசில் ஆறாது. வீட்டில் இரண்டு பேருக்குச் சுகர் என்றாலும் லான்செட்டும் குத்துகிற பேனாவும் தனித்தனியாக இருக்கட்டும், ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்று அப்படியும் பரவும். குத்திய ஊசியைக் குப்பைக் கவரில் போடாதீர்கள், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். எங்கள் தெருவில் குப்பை எடுக்க வரும் அம்மா வெறும் கையால்தான் பிரிக்கிறார்.

வியாசர்பாடி_மகன்
என் அம்மாவுக்கு டயாலிசிஸ். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்), தொட்டால் தோலுக்கு அடியில் விர்ர் என்று ஓடும். ஒரு இலவச முகாமில் உட்கார்ந்த உடனே இடது கையைப் பிடித்து, காய்ப்பு விரல் என்று சொல்லி முன்னங்கையில் லான்செட்டை வைத்துவிட்டார் ஒரு பையன். அம்மா போட்ட சத்தத்தில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கையில் பிபி பட்டைகூடக் கட்டக் கூடாது. மார்பில் ஆபரேஷன் செய்து அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களும் அந்தப் பக்கத்துக் கையைத் தவிர்க்கச் சொல்வார்கள். குளுக்கோஸ் ஏறும் கையிலும் எடுக்காதீர்கள், எகிறிக் காட்டும். கேட்டால்தான் தெரியும். முகாமில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காசிமேடு_வலை
தங்கை, உள்ளங்கை எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்கிறேன். ஆனால் நைனாவுக்கு ஊசி போட்ட நாளெல்லாம் விரல்தான், அதில் மாற்றமில்லை. காய்ப்புக்கு வழி கிடைத்துவிட்டது: வலை ஊசி பிடிப்பது வலது கை, இடது சுண்டு விரலின் வெளிப்பக்கம் மிருதுவாகத்தான் இருக்கிறது. பேனாவில் ஆழத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்தால் இறங்குகிறது.