முதல் முறையாக இன்ஜினை இறக்கியவர்களின் அனுபவங்கள்

முழுவதும் பிரித்துச் சீரமைப்பதற்காக ஒரு காரின் இன்ஜினை முதல் முறையாக நானே இறக்கியிருக்கிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். தொடங்குமுன் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் பெரும்பாலானவை தூக்குவதைப் பற்றியே இருந்தன: எந்தக் கிரேன், எத்தனை டன், சங்கிலியை எங்கே மாட்டுவது. தூக்கும் வேலை ஒரு பிற்பகலுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய வேலைதான் நீளமானது. இன்ஜினுக்கு என்ன கேடு என்பதும் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. அவசரத்தில் கழற்றிக் குவிப்பவருக்கு அந்தத் தடயங்கள் கிடைப்பதில்லை என்பதால் அந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால், ஒரு நட்டைக்கூடத் தொடுமுன் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தத்தை, அளந்துவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். நல்ல பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் 10 முதல் 13 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அந்த எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைத்தான் நான் அதிகம் கவனித்தேன். என் வண்டியில் மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தது. அதற்குள் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடியும் அளந்தேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால், அந்த ஆயில் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைத்து அளவை உயர்த்திக் காட்டும். என் வண்டியில் உயரவில்லை. ஆகவே சந்தேகம் வால்வு மீதும், ஹெட் எனப்படும் இன்ஜினின் மேற்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் மீதும் விழுந்தது.

அப்படியானால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதாதா என்ற கேள்வி எழுந்தது. ஆயிலை வடித்தபோது அதற்கு விடை கிடைத்தது. சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்ததில் செம்பு நிறத்தில் நுண்ணிய மினுமினுப்பு தெரிந்தது. ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்புகளை விரித்தபோதும் அதே துகள்கள். காந்தம் அவற்றை இழுக்கவில்லை. இரும்புத் துகளாக இருந்தால் கேம் ஷாஃப்ட், கியர், சங்கிலி போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். செம்பு நிறம் என்றால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கைத் தாங்கும் பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்து அடியடுக்கு வெளிவந்துவிட்டது என்று பொருள். பேரிங் இன்ஜினின் அடிப்பகுதியில் இருப்பதால், அதன் பிறகுதான் முழு இன்ஜினையும் இறக்க முடிவு செய்தேன்.

கழற்றும் வரிசையைப் பொறுத்தவரை, பேட்டரியின் நெகட்டிவ் முனை முதலில். அடுத்து எரிபொருள் குழாயின் அழுத்தத்தை இறக்க வேண்டும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இன்ஜின் நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அப்படியே கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ரேடியேட்டர் நீரை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே வடித்து, உடனே மூடி வையுங்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். அது அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். பானெட்டைக் கழற்றுமுன் கீல்களைச் சுற்றிக் கோடு வரைந்துகொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது இடைவெளி கோணாமல் உட்காரும்.

ஏசி குழாய்களைத் தொடாதீர்கள். கம்ப்ரஸரை மட்டும் அதன் பிராக்கெட்டிலிருந்து அவிழ்த்து, குழாய்கள் மாட்டியபடியே ஒரு பக்கமாகக் கம்பியால் கட்டிவைத்தேன். பவர் ஸ்டீயரிங் பம்பையும் அவ்வாறே. குளிர்வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும்கூட.

ஒயர்கள்தான் தொடக்கநிலையினரை மிரட்டும். ஒவ்வொரு கனெக்டரிலும் இரு பாதிகளுக்கும் ஒரே எண்ணை எழுதி ஒட்டினேன். கழற்றுமுன் ஒரு புகைப்படம், கழற்றிய பின் சற்றுத் தள்ளி நின்று இன்னொன்று. கிட்டத்தில் எடுத்த படத்தில் அந்த ஒயர் எதன் அடியில் நுழைந்து எங்கே போகிறது என்பது தெரியாது. போல்ட்டுகளுக்குத் தடித்த அட்டையில் அந்தப் பாகத்தின் வடிவத்தை வரைந்து, இருக்கும் இடத்திலேயே துளையிட்டுச் செருகிவைத்தேன். வாட்டர் பம்பில் ஒரு போல்ட் மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருந்ததும், முன்பு வேலை செய்த யாரோ அதை வேறு துளையில் திருகியிருந்ததும் அந்த அட்டையைப் பார்த்தபோதுதான் புலப்பட்டது. அந்தத் துளையின் மரை அடியில் சிதைந்திருந்தது.

சைலன்சர் குழாயை, இன்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்க்கும் மேனிஃபோல்டுடன் இணைக்கும் நட்டுகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே தெளித்து, மறுநாள் மீண்டும் தெளித்து, இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்துப் பிறகு தளர்த்தும் திசையில் திருப்பினேன். வந்துவிட்டன. இங்கே மட்டும் நேரம் பார்க்காதீர்கள். முறிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுப்பது தனி வேலை.

தூக்கும்போது ஒவ்வொரு சில சென்டிமீட்டருக்கும் நிறுத்தி, விளக்கைப் பிடித்துச் சுற்றிலும் பார்த்தோம். உடனிருந்த நண்பர்தான் ஹெட்டின் பின்புறத்திலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கண்டார். அது இறுகத் தொடங்கியிருந்தது. இறக்கி, அவிழ்த்து, மீண்டும் ஏற்றினோம். இன்ஜின் தடையில்லாமல் வெளியே வந்தது.

* * *

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. உங்களுடையது மேனுவல் கியர் வண்டி என்று நினைக்கிறேன். ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினை இறக்குபவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன்.

இன்ஜினையும் கியர் பெட்டியையும் பிரிக்குமுன் டார்க் கன்வர்ட்டரை (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் மூலம் சுழற்சியைக் கடத்தும் பாகம்) ஃப்ளெக்ஸ் பிளேட்டுடன் (கிராங்க்கின் முனையில் உள்ள தட்டு) பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். அடியில் உள்ள சிறு மூடியைத் திறந்தால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும்; கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிச் சுழற்றிச் சுழற்றி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கன்வர்ட்டர் கியர் பெட்டியோடே தங்க வேண்டும். இன்ஜினுடன் சேர்ந்து அது வெளியே நழுவி வந்தால், திரும்பப் பொருத்தும்போது கியர் பெட்டியின் ஆயில் பம்பில் சரியாக அமராமல் போகலாம். அந்த நிலையில் போல்ட்டுகளை முடுக்கினால் பம்ப் உடைந்துவிடும். நான் ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்துக் கன்வர்ட்டரைப் பிடித்து நிறுத்தினேன்.

மேனுவல் பெட்டியிலும் இதேபோல ஒரு கவனம் தேவை. இன்ஜினின் எடையைக் கியர் பெட்டியின் இன்புட் ஷாஃப்டில் (இன்ஜினின் சுழற்சியைப் பெட்டிக்குள் வாங்கும் தண்டு) தொங்கவிடக் கூடாது. ஷாஃப்டோ கிளட்ச் தட்டின் நடுவோ வளைந்துவிடும். பெட்டிக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிரியுங்கள்.

* * *

தூக்குவதைப் பற்றி மிகச் சுருக்கமாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதில்தான் அச்சம் அதிகம், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

மடக்கு கிரேனில் 2 டன் என்று எழுதியிருப்பது அதன் கையை முழுவதும் உள்ளே இழுத்த நிலைக்குரிய எண். கையை நீட்ட நீட்டத் தாங்கும் எடை குறையும். முழுவதும் நீட்டினால் பெரும்பாலான கிரேன்களில் அரை டன்தான். வண்டியின் மூக்கைத் தாண்டி இன்ஜினுக்கு நேராக வருவதற்குக் கையை நீட்டியே ஆக வேண்டும் என்பதால் நமக்குப் பொருந்துவது அந்தச் சிறிய எண்தான். அலுமினியத்தாலான சிறிய நான்கு சிலிண்டர் இன்ஜின் ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். வார்ப்பிரும்பு டீசல் இன்ஜின்கள் 200 கிலோவை எளிதாகத் தாண்டும். கியர் பெட்டியையும் சேர்த்து எடுத்தால் அந்த எடையும் கூடும்.

சங்கிலியை மாட்டுவதற்குத் தயாரிப்பாளரே கொடுத்த கொக்கிகள் இன்ஜினில் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் உறுதித் தரம் பொறித்த போல்ட்டுகளை வாஷருடன் முழு ஆழத்துக்குத் திருகுங்கள். பாதி மரையில் நிற்கும் போல்ட்டில் 200 கிலோவைத் தொங்கவிடக் கூடாது.

இன்ஜின் அந்தரத்தில் இருக்கும்போது அதன் அடியில் கையோ காலோ போகக் கூடாது. நான் உதவிக்கு வந்தவர்களிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்: சரிந்தால் பிடிக்க முயலாதீர்கள், விலகிவிடுங்கள். வண்டிக்கு அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே நுழைந்தேன். வெளியே எடுத்த இன்ஜினை உடனே தாழ்த்திக் கொண்டுபோங்கள். உயரத்தில் வைத்தபடி கிரேனைத் தள்ளினால் ஒரு சிறு கல் சக்கரத்தில் தடுத்தாலும் கவிழும்.

* * *

முன்சக்கர இயக்க வண்டிகள் சிலவற்றில் இன்ஜினை எடுக்க மேல்வழியே கிடையாது. இன்ஜின், கியர் பெட்டி, அவற்றைத் தாங்கும் சட்டம் மூன்றையும் ஒரு மேசை மீது இறக்கி, பாடியை மேலே தூக்கிவிட வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். ஆக்ஸில் ஷாஃப்டுகளை உருவுமுன் கியர் ஆயிலை வடித்துவிடுங்கள். உங்கள் வண்டிக்கு மேல்வழியா கீழ்வழியா என்று கையேட்டில் முதலில் பாருங்கள், கிரேன் வாங்குவதற்கு முன்பே.

* * *

இரண்டாவதாக எழுதியவர் கழற்றுவதைச் சொன்னார். பொருத்துவதிலும் அதே இடம்தான் சிக்கல் தரும். இன்ஜினையும் கியர் பெட்டியையும் சேர்க்கும்போது முகங்கள் இரண்டும் கை அழுத்தத்திலேயே ஒட்டிச் சேர வேண்டும். விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், கிளட்ச் தட்டு நடுவில் அமரவில்லை, அல்லது ஏதோ ஒரு ஒயர் நடுவே சிக்கியிருக்கிறது. என் வண்டியில் ஸ்டார்ட்டர் ஒயர் சிக்கியிருந்தது. போல்ட்டைப் போட்டு இழுத்து மூடலாம் என்று தோன்றும்; போல்ட் நுழையும் அலுமினியக் காது உடைவது அப்படித்தான். பிரித்து எடுத்து, ஒயரை ஒதுக்கிவிட்டுச் சேர்த்தபோது தானாகவே வந்து உட்கார்ந்தது.

* * *

எல்லோருக்கும் நன்றி. தொடங்கியவன் நான்தான், மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றி ஹெட்டைக் கழற்றியாயிற்று. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகத் தளர்த்தினேன், ஹெட் வளைந்துவிடாமல் இருக்க. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றின் விளிம்பு எரிந்து பள்ளமாகியிருந்தது. கம்ப்ரஷன் அளவும் ஆயில் சோதனையும் காட்டியது அதைத்தான்.

கீழே, பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் மூடிகளைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் அதன் சிலிண்டர் எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். மூடியும் ராடும் சேர்த்தே கடைசல் செய்யப்பட்டவை. ஒன்றின் மூடியை மற்றொன்றுக்கு மாற்றவோ திருப்பிப் போடவோ கூடாது. இரண்டு பேரிங்குகளில் செம்பு அடுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. கிராங்கில் அந்த இரண்டு இடங்களிலும் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கோடுகள் உள்ளன.

கிராங்கை அளப்பதற்காக லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். அதைச் சாணை பிடிக்க வேண்டியிருந்தால் 0.25 மில்லிமீட்டர் குறைந்த அளவுக்கான பேரிங் தேவைப்படலாம். மெருகேற்றினாலே போதும் என்றால் பழைய அளவே சரி. அதனால் புதிய பேரிங் தொகுப்பை இன்னும் வாங்கவில்லை. கிராங்கின் பின் ஆயில் சீல், மவுண்டிங் ரப்பர், கிளட்ச் தட்டு மூன்றையும் இன்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிட நினைக்கிறேன். கிளட்ச் தட்டு உரசும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் மேற்பரப்பில் நீல நிறத் திட்டுகள் இருக்கின்றன, சூடேறியதன் அடையாளம். அதை மெல்லிதாகச் சீவிப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், பட்டறைக்கு அதையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறேன்.