ஓசை அடங்கியதும் எடுக்கவும்: வீட்டில் பொரித்த சிக்கனும் வாஃபிளும்

லாங் பீச், கலிஃபோர்னியா

பொரித்த கோழியை வாஃபிள் (இரும்பு அச்சில் மாவை வார்த்துச் சுடுகிற, குழி குழியான பலகாரம்) மேல் வைத்து, அதன்மேல் மேப்பிள் சிரப்பையும் ஊற்றிச் சாப்பிடுவார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. என் மனைவி, "கோழிக்கு யாராவது பாகு ஊத்துவாங்களா?" என்று கேட்டாள். அந்த வாரக் கடைசியிலேயே இரண்டு பேரும் ராஸ்கோஸுக்குப் போனோம். நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த ஹெர்ப் ஹட்சன் 1975இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்த கடை அது. முதல் வாய் கொஞ்சம் தயக்கத்தோடுதான் போனது, இரண்டாவது வாயில் புரிந்துவிட்டது. கோழியில் உப்பும் மிளகும் தூக்கலாக இருக்கிறது, வாஃபிளில் இனிப்பே இல்லை என்று சொல்லலாம், சிரப் இரண்டையும் சேர்த்து வைக்கிறது. வீட்டில் செய்கிற பலருக்குக் கோழியில் உப்பு பத்தாமல் போவதால்தான் இது சரியாக வருவதில்லை என்று நினைக்கிறேன். உப்பு உள்ளே இறங்கவில்லை என்றால் சிரப் ஊற்றியதும் மொத்தமும் தித்திப்பாகிவிடும்.

வீட்டில் முதல் தடவை செய்தது படுதோல்வி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தொடைக்கறியை அப்படியே 400 டிகிரி ஃபாரன்ஹீட் எண்ணெயில் போட்டேன். ஆறே நிமிடத்தில் மேலே கரும்பழுப்பாகிவிட்டது, பிய்த்துப் பார்த்தால் எலும்புப் பக்கம் பச்சை ரத்தம். புகை அலாரம் வேறு அலறி, சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்தார். எழுபது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. 1940களில் லூசியானாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் வேலை தேடி இந்தப் பக்கம் வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அடுத்த சனிக்கிழமை அவரே என் அடுப்படிக்கு வந்து பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

அவர் சொன்னபடி இப்போது நான் செய்வது இதுதான். தோலும் எலும்பும் உள்ள தொடை, கால் துண்டுகள் ஒன்றரைக் கிலோ. இரண்டரைக் கப் பட்டர்மில்க்கில் ஒன்றரை மேசைக்கரண்டி கோஷர் உப்பு, நிறைய மிளகுத்தூள், பூண்டுத்தூள், கொஞ்சம் கெய்ன் மிளகாய்த்தூள் கலந்து முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். கோஷர் உப்பு பருமனான உப்பு, தூள் உப்பை அதே கரண்டியால் அளந்து போட்டால் கரிக்கும், அதனால் ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவாகப் போடுங்கள். மறுநாள் பொரிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுவேன். இரண்டு கப் மைதா, அரைக் கப் கார்ன்ஃப்ளார், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், உப்பு, மிளகு. இந்த உலர்ந்த மாவில் ஊறவைத்த பட்டர்மில்க்கிலிருந்தே இரண்டு மூன்று கரண்டி தெளித்து விரலால் பிசிறிவிட்டால் சின்னச் சின்னக் கட்டிகள் வரும், அவைதான் பொரிந்ததும் மொறுமொறுவென்று நிற்கும். மாவை அழுத்திப் பூசி, கம்பித் தட்டில் இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடித்தால் பூச்சு எண்ணெயில் கழன்றுகொள்ளும்.

எண்ணெய் 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது செல்சியஸில் 175 அல்லது 177. நான்கு துண்டுக்கு மேல் போடக்கூடாது. கோழி விழுந்ததும் சூடு 300க்குப் பக்கத்தில் இறங்கும், பயப்பட வேண்டாம், 325ஐ ஒட்டி நிற்கும்படி அடுப்பைச் சரிசெய்தால் போதும். தொடைக்கு 13 முதல் 15 நிமிடம் ஆகும். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா என் தோளைத் தட்டி, "கடிகாரத்தைப் பார்க்காதே, எண்ணெயைக் கேள்" என்றார். கேட்டேன். போட்டவுடன் பெரிய பெரிய குமிழியாகச் சடசடவென்று கொதித்தது, பத்து நிமிடம் போனதும் குமிழி சிறுத்து, சத்தம் மெலிந்து, ஒரு சின்ன இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. கோழியிலுள்ள ஈரம் குறையக் குறையச் சத்தமும் குறைகிறது. எங்கள் அம்மா தீபாவளிக்கு முறுக்குப் பிழியும்போது சொல்கிற அதே வார்த்தை, "ஓசை அடங்கட்டும், அப்புறம் எடு." அதை அவரிடம் சொன்னபோது அவ்வளவு சந்தோஷப்பட்டார். இருந்தாலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் நான் எடுப்பதில்லை. எலும்பை ஒட்டிய சதையில் குறைந்தது 165 டிகிரி இருக்க வேண்டும், தொடைக்கறியை 175 வரை விட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும்.

எடுத்ததும் டிஷ்யூ பேப்பரில் போடாதீர்கள், அடியில் ஆவி தங்கி நமத்துவிடும். கம்பித் தட்டில் வைத்து 200 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் தள்ளிவிடுங்கள், கோழி அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளும். வாஃபிள் பொறுக்காது. அதனால் கோழியை முதலில் முடித்துவிட்டுத்தான் வாஃபிள் இரும்பைச் சூடாக்குவேன். மாவுக்கு இரண்டு கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒன்றேமுக்கால் கப் பட்டர்மில்க், இரண்டு முட்டை, உருக்கிய வெண்ணெய் அரைக் கப், சர்க்கரை ஒரே ஒரு கரண்டி. இங்கே சத்தத்துக்குப் பதில் ஆவி. இரும்பின் ஓரத்தில் புஸ்ஸென்று வருகிற ஆவி அடங்கும்வரை மூடியைத் தூக்கக்கூடாது, தூக்கினால் வாஃபிள் இரண்டாகப் பிளந்துகொள்ளும். எங்கள் வீட்டில் தோசைக்கு உட்காருவது போலத்தான் எல்லோரும் உட்காருகிறார்கள், ஒவ்வொன்றாக வார்த்து வார்த்துத் தட்டில் போடுகிறேன்.

இது எந்த நேரத்துச் சாப்பாடு என்று மனைவி அந்த அம்மாவிடம் கேட்டாள். ஹார்லெமில் ஜோசப் வெல்ஸ் 1938இல் திறந்த வெல்ஸ் உணவகத்தைப் பற்றி அவர் சொன்னார். ஜாஸ் கலைஞர்கள் கச்சேரி முடித்து நடுராத்திரிக்கு மேல் அங்கே வருவார்களாம், ராத்திரிச் சாப்பாட்டு நேரம் போயிருக்கும், காலைப் பலகாரத்துக்கு இன்னும் நேரம் இருக்கும், அவர்களுக்கு இரண்டும் ஒரே தட்டில் கிடைத்தது. அதைக் கேட்ட பிறகு நாங்களும் பல தடவை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இதைச் செய்கிறோம்.

லான்காஸ்டர், பென்சில்வேனியா

லாங் பீச்சிலிருந்து எழுதியவர் சொன்னது போல் இல்லை, இங்கே சிக்கன் வாஃபிள் என்று கேட்டால் வருகிற தட்டே வேறு. பென்சில்வேனியா டச்சு மக்கள் கோழியைப் பொரிப்பதில்லை, வேகவைத்து உதிர்த்து, அந்தச் சாறிலேயே கெட்டியாகக் குழம்பு வைத்து வாஃபிள் மேல் ஊற்றுவார்கள். டச்சு என்ற பேரைப் பார்த்து ஹாலந்து என்று நினைக்க வேண்டாம், இவர்கள் ஜெர்மானிய வம்சாவளி.

போன மார்கழியில் என் அம்மா வந்திருந்தார், அவருக்குக் கடினமானதைக் கடிக்க முடியாது, அதனால் இந்த முறையில் செய்தேன். முழுக் கோழியை வெங்காயம், கேரட், செலரியோடு ஒன்றேகால் மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிட்டு, சாறை வடிகட்டி, வெண்ணெயில் மைதாவை வாசம் வரும்வரை வறுத்து அதில் சாறைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினேன். சிரப் கிடையாது. அம்மா வாஃபிளின் குழிகளில் குழம்பு தேங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஆப்பத்துல பாயா ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். இரண்டு சாப்பிட்டார். அவர் அந்தப் பயணத்தில் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான், அதை என்னால் மறக்க முடியாது.

கோயம்புத்தூர்

லாங் பீச் அண்ணா எழுதியதில் ஒன்றை இங்கே செய்பவர்களுக்காகச் சொல்ல வேண்டும். பட்டர்மில்க் என்பதை மோர் என்று எடுத்துக்கொண்டு நான் வீட்டு மோரில் ஊறவைத்தேன். நீர்த்த மோரில் மாவு ஒட்டவே இல்லை, பூச்சு மொத்தமும் எண்ணெயில் மிதந்தது, கோழி மொட்டையாக வெந்தது. அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது கெட்டியாகப் புளிக்கவைத்தது. இரண்டாவது தடவை கெட்டித் தயிர் மூன்று பங்கு, பால் ஒரு பங்கு சேர்த்து அடித்துக்கொண்டேன், கச்சிதமாக வந்தது. வாஃபிள் மாவுக்கும் அதேதான்.

கறிக்கடையில் தோலை உரித்துத்தான் கொடுப்பார்கள், தோலோடு வேண்டும் என்று வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குழம்புக்கு வெட்டுகிற மாதிரி வெட்டவும் விடாதீர்கள், முழுத் தொடையாகக் கேளுங்கள். மேப்பிள் சிரப் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை, கருப்பட்டிப் பாகு காய்ச்சி ஊற்றினேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கருப்பட்டி வாசம் கோழியை அமுக்கிவிட்டது. தேனில் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டு இளஞ்சூடாக்கி ஊற்றியது அதைவிடப் பொருத்தம். எனக்கு ஒரு சந்தேகம், இங்கே கோழி சின்னது, 15 நிமிடம் விட்டால் காய்ந்துபோகாதா?

லாங் பீச், கலிஃபோர்னியா

காய்ந்துபோகும். பத்து நிமிடத்திலேயே தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், கால் துண்டு அதற்கு முன்பே வெந்துவிடலாம். தயிர் புளித்ததாக இருந்தால் ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டாம், மேல்சதை குழைந்துவிடும், நான்கைந்து மணி நேரம் போதும். தேனில் மிளகாய்த்தூள் போடும் யோசனையை அந்த அம்மாவிடம் சொன்னேன், வருகிற சனிக்கிழமை செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.