கட்சி வேறானவரிடம் நீங்கள் கண்ட ஒரு நிமிடம்: எழுதுங்கள்

வடக்குத்தெரு:

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். நான் முதல்முறை பூத் ஏஜென்ட். எந்தக் கட்சிக்கு என்று எழுதவில்லை, எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். காலையில் மாதிரி வாக்குப்பதிவு, 50 ஓட்டுப் போட்டு எண்ணி, அழித்து, சீல் வைத்து, கையெழுத்து. அதெல்லாம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்க்கட்சி ஏஜென்ட் எனக்குப் பக்கத்து நாற்காலி. அறுபத்தைந்து வயதிருக்கும். 1977லிருந்து இதே பள்ளிக்கூடத்தில்தான் உட்காருகிறாராம். நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்து மூன்றே வருடம், பாதிப் பேரைத் தெரியாது. அவருக்குத் தெரியாத வீடே கிடையாது. அது எங்களுக்குப் பாதகம் என்று முந்தின நாள்கூட எங்கள் ஆட்கள் சொல்லியிருந்தார்கள்.

பதினொன்றரை மணிக்கு ஒரு இளைஞர் வந்தார். கொரோனா நேரம் இல்லையா, கையில் பிளாஸ்டிக் உறை, முகத்தில் மாஸ்க். முதல் அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படித்தார். நான் டிக் அடிக்கப் பேனாவை வைத்துவிட்டேன். பெரியவர் எழுந்து நின்று, "சார், இந்தப் பேருக்கு உரியவன் தை மாசமே செத்துட்டான். பாடையில ஒரு பக்கம் நான்தான் தூக்கினேன்" என்றார். தலைமை அலுவலர் அட்டையை வாங்கக் கை நீட்டுவதற்குள் அந்த இளைஞர் வெளியே போய்விட்டார். அவர் பெரியவரின் கட்சிக்காரர் வீட்டுப் பையன். அது எனக்கு அப்புறம்தான் தெரியும். பெரியவருக்கு அப்போதே தெரியும்.

மதியம் சாப்பிடும்போது கேட்டேன். "ஏன் ஐயா, உங்களுக்கு விழ வேண்டிய ஓட்டுதானே?" அவர், "அவன் ஆத்தா சாயந்திரம் ஓட்டுப் போட வரும் தம்பி. அது மொகத்துல நான் முழிக்கணும்ல" என்றார்.

நாலு மணிக்கு இறந்தவரின் அம்மா வந்தார். அலுவலர் பெயரைப் படித்தார், டிக் அடித்தேன். ஒரே வீடு என்பதால் மகன் பெயர் அதற்கு மேல் வரியில் இருந்தது. அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. காலையில் எங்கள் ஆள் ஒருவர் வரிசையில் நின்றபடி வந்தவர்களுக்கு விரலால் சின்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நூறு மீட்டருக்குள் அது குற்றம். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து பட்டியலைப் புரட்டினேன்.

காவிரிக்கரை மகள்:

எனக்குப் பிறந்த வீடு உதயசூரியன், புகுந்த வீடு இரட்டை இலை. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்பதற்கே பத்து நாள் ஆனது.

2016 டிசம்பரில் ஜெயலலிதா அம்மா இறந்தபோது என் மாமனார் இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் அப்பா ஒரு ஃபோன் செய்யவில்லை. "அவங்க கட்சிச் சாவுக்கு நான் என்னத்தச் சொல்ல" என்று என்னிடம் சொன்னார். மாமனார் அதை ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு அது தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

2018 ஆகஸ்ட் 7 சாயங்காலம் கலைஞர் மறைவுச் செய்தி வந்தது. கடைகள் அடைத்தாயிற்று, பஸ் இல்லை, என் கணவர் திருச்சியில் மாட்டிக்கொண்டார். நான் அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். கலைஞர் பெயரை வீட்டில் மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமனார் வாசல் பக்கம் நின்று, "அப்பாவுக்கு ஃபோன் போட்டுக் குடும்மா" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

"சம்பந்தி, சாப்ட்டீங்களா?" அவ்வளவுதான் கேட்டார். அந்தப் பக்கம் என் அப்பா அழும் சத்தம் எனக்கே கேட்டது. மாமனார் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், ரொம்ப நேரம் நின்றார்.

மறுநாள் காலை, கலைஞரை அடக்கம் செய்ய மெரினாவில் இடம் கேட்டு ஹைகோர்ட்டில் வாதம் நடந்ததை டிவியில் பார்த்தோம். "கோர்ட்டுக்குப் போய் வாங்கற விஷயமா இது, குடுத்திருக்கணும்" என்றார் மாமனார். ஆட்சியில் இருந்தது அவர் கட்சி. அப்பா இப்போது இல்லை. அந்த ஃபோனுக்கு அப்பா திரும்ப ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

களத்துமேடு:

இரண்டு பேருக்கும் மரியாதையோடு சொல்கிறேன், இது எனக்கு முழுதாக ஒத்துவரவில்லை. சாவு என்றால் எல்லாரும் ஒன்றுகூடுவது நம் ஊர் வழக்கம். உயிரோடு இருக்கும் ஆள் எதிரே நின்று மாறுபட்டுப் பேசும்போது கேட்கிறார்களா என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்சி வேறாக இருந்தாலும் சாதி ஒன்றாக இருந்தால் தோளில் கை போட்டுக்கொள்கிறார்கள். பாடை தூக்கினேன் என்றாரே அந்தப் பெரியவர், எங்கள் காலனிப் பாடையைத் தூக்கியிருப்பாரா? வடக்குத்தெரு நண்பர் இதை யோசிக்க வேண்டும்.

என் அனுபவம் கிராம சபையில். அக்டோபர் 2. எங்கள் ஊராட்சி மக்கள்தொகைக்கு 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். இருந்தவர்கள் எண்பது பேர் இருக்கும். காலனித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது என்று எழுந்து கேட்டேன். என்னை "உக்காருப்பா, இதெல்லாம் தனியாப் பேசிக்கலாம்" என்றவர் என் கட்சிக்காரர். அவருக்காக நான் போஸ்டர் ஒட்டியிருக்கிறேன். ஊராட்சி வார்டுத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்றாலும் யார் எந்தக் கட்சி என்பது எல்லாருக்கும் தெரியும்தானே.

எதிர்க்கட்சி வார்டு உறுப்பினர், ஒரு அம்மா. நான் எதிர்த்து ஓட்டுக் கேட்டவர். அவர் எழுந்து, "அவர் கேட்டதைத் தீர்மான நோட்டுல எழுதுங்க. எழுதினதுக்கு அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். செயலர் எழுதுகிற வரைக்கும் உட்காரவில்லை. எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசவில்லை, என் கட்சியைத் திட்டவும் இல்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தொட்டி அடுத்த கோடையில் கட்டினார்கள். நான் இன்றும் அவர் கட்சிக்கு ஓட்டுப் போடுவதில்லை. அவரிடமே அதைச் சொன்னேன். "சரிப்பா, தண்ணி வருதா?" என்றார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தேர்தல் பணிக்கு ஏழு முறை போயிருக்கிறேன். ஒருமுறை மழையில் வண்டி வராமல், எல்லாக் கட்சி ஏஜென்டுகளும் சேர்ந்து எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரே தூக்குவாளியில் சாம்பார், நாலு கட்சிக் கை. அதை மறக்க முடியாது.

இளைஞர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறேன். முதலில், யாரிடமும் "யாருக்குப் போட்டீங்க" என்று கேட்காதீர்கள். ரகசியத்தைக் காக்க அலுவலருக்கும் ஏஜென்டுக்கும் சட்டமே இருக்கிறது, நண்பருக்கு அந்தப் பண்பு வேண்டாமா? "உங்க தெருவுல என்ன பிரச்சினை" என்று ஆரம்பியுங்கள். ரேஷன், சாக்கடை, பள்ளிக்கூடம் என்று பேச்சு இறங்கினால் கோபம் குறையும். அடுத்தவர் சொன்னதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள், "நான் சொன்னது இதுதான்" என்று அவர் தலையாட்டிய பிறகு பதில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை ஆதாரமாகக் காட்டாதீர்கள். நாலு பேர் முன்னால் ஒருவரை மடக்காதீர்கள். மடக்கப்பட்டவர் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார், உங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார்.

மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு என்றார் அண்ணா. பெரியாரும் ராஜாஜியும் எதில் ஒத்துப்போனார்கள்? கடவுளில் இல்லை, கல்வித் திட்டத்தில் இல்லை. 1949இல் தன் திருமணம் பற்றி யோசனை கேட்கப் பெரியார் போனது திருவண்ணாமலையில் ராஜாஜியிடம். 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி மறைந்தபோது சுடுகாட்டில் கண்கலங்கியவர் பெரியார். களத்துமேடு தம்பி கொஞ்சம் பொறுமையாக எழுதலாம் என்பது என் கருத்து.

நூல்மில் ஷிஃப்ட்:

ஐயா, அவர் பொறுமையாகத்தான் எழுதியிருக்கிறார். ஒன்றரை வருடம் தண்ணீருக்குக் காத்தவரிடம் பொறுமையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பெரியார், ராஜாஜி கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்களுக்கு ஒருவர் இன்னொருவரின் வாசலில் வெடி போடும் நிலை வரவில்லை.

நான் போட்டேன். 2024 ஜூன் 4, ரிசல்ட் அன்று. இருபது வருடச் சிநேகிதன், அதே மில், அதே ஷிஃப்ட். எங்கள் கூட்டம் ஊர்வலமாக வந்து அவன் வீட்டு முன்னால் நின்றது. சரவெடியை விரித்தது என் கை. அவன் பேரப்பிள்ளை பிறந்து பதினெட்டு நாள் என்பது எனக்குத் தெரியும். அந்த நிமிடம் ஞாபகத்துக்கு வரவில்லை. அவன் வெளியே வந்து சண்டை போடவில்லை. ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினான். கடைசிக் கதவைச் சாத்தும்போது என்னைப் பார்த்தான்.

மில்லில் இப்போது எதிரும் புதிருமாகத்தான் நிற்கிறோம். எப்படிப் போய்ப் பேசுவது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

காவிரிக்கரை மகள்:

குழந்தைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள் அண்ணா. தேர்தல் பேச்சை எடுக்காதீர்கள். கூட்டத்தைக் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள், தனியாகப் போங்கள்.

வடக்குத்தெரு:

களத்துமேடு கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெரியவர் காலனிப் பாடையைத் தூக்கியிருப்பாரா என்று நான் இதுவரை யோசித்ததில்லை. எங்கள் பூத்தில் காலனி ஓட்டும் உண்டு. அங்கே யார் இறந்தார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று அந்தப் பக்கத்துப் பெயர்கள் படிக்கப்பட்டபோது இரண்டு பேரும் சும்மா டிக் அடித்துக்கொண்டிருந்தோம்.

2024 ஏப்ரல் 19இல் பெரியவர் பூத்துக்கு வரவில்லை. பார்வை குறைந்துவிட்டதாம், அவர் மகன் உட்கார்ந்தார். முந்தின நாள் சாயங்காலம் நானும் அவர் மகனும் பட்டியலை வைத்துக்கொண்டு இறந்தவர்கள் பெயரைக் குறித்தோம். வடக்குத்தெருவில் மூன்று, தேரடியில் ஐந்து. காலனிப் பக்கத்தை இரண்டு பேருமே புரட்டிவிட்டோம். அடுத்த முறை அங்கிருந்து ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். மகனிடம் இன்று சொல்கிறேன்.