துணைக்கோடு போட்டுத்தான் வரைய வேண்டுமா?

தாள்நுனி:
நீண்ட நடைகூடம் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் வரிசையாக ஐந்து தூண்கள். எத்தனை முறை அழித்துப் போட்டாலும் கடைசி மூன்றும் சரியான இடத்தில் நிற்க மாட்டேன் என்கின்றன. கண்மட்டக் கோடு (நம் கண் உயரத்தைக் காட்டும் கிடைக்கோடு), மறைபுள்ளி (விலகிப் போகும் இணைகோடுகள் தூரத்தில் சேர்வதுபோல் தெரியும் இடம்) எல்லாம் போட்டுத்தான் ஆக வேண்டுமா? கண்ணளவு போதாதா?

கரிக்கோல்:
தாராளமாகப் போதும். கையை முழுக்க நீட்டிப் பென்சிலைப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடி முதல் இடைவெளியை அளந்து, அடுத்ததை அதோடு ஒப்பிடுங்கள். ஸ்கேலை எடுத்துவிட்டால் பார்வை தாளிலேயே நின்றுவிடும். எதிரில் இருப்பதைப் பார்க்க மாட்டீர்கள். படமும் கட்டட பிளான் மாதிரி விறைத்துப் போகும்.

நூலும் ஊசியும்:
இதை நான் ஏற்கவே மாட்டேன். தூண் வரிசையில்தான் கண் அதிகம் ஏமாறும். இடைவெளிகள் சமம் என்று மனசுக்குத் தெரியும். கை அப்படியே போட்டுவிடும்.

தாள்நுனி, இப்படிச் செய்து பாருங்கள். முதல் தூணின் உச்சி, நடு, அடி மூன்றிலிருந்தும் மறைபுள்ளிக்கு மெல்லிய கோடு இழுங்கள். இரண்டாவது தூணை மட்டும் கண்ணளவில் நிறுத்துங்கள். இப்போது முதல் தூணின் உச்சியிலிருந்து, இரண்டாவதின் நடுப்புள்ளி வழியாக ஒரு சாய்கோடு. அது அடிக்கோட்டைத் தொடும் இடம்தான் மூன்றாவது தூணின் கால். அடுத்தது இரண்டாவதின் உச்சியிலிருந்து மூன்றாவதின் நடு வழியாக. ஐந்தும் வந்துவிடும்.

விறைப்பு என்றீர்களே, கரிக்கோல். 17ஆம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் படங்கள் பலவற்றில், மறைபுள்ளி இருக்கும் இடத்தில் ஊசித்துளையே இருக்கிறது. அங்கே ஊசி குத்தி, சுண்ணப்பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்டிருப்பார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த அறைகளில் விறைப்பு எங்கே இருக்கிறது?

கரிக்கோல்:
அவை அறைகள், தரை சமம். மேடேறும் தெருவை வரைந்து பாருங்கள், உங்கள் கண்மட்டக் கோடு கைவிட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. மூலை முன்னால் தெரியும் பெட்டிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மறைபுள்ளிகள் வரும். அந்த இரண்டையும் தாளுக்குள்ளேயே அடக்கி வரைந்த பெட்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். முன்மூலை கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். கேட்டால், கோடு சரி என்பார்கள்.

நூலும் ஊசியும்:
மூலை விஷயம் உண்மைதான். புள்ளிகளைத் தள்ளி வையுங்கள், தாளுக்கு வெளியே போனாலும் சரி. பெரிய பலகையில் தாளை ஒட்டி, பலகையில் ஊசி குத்தி நூல் கட்டினால் போதும். ஆனால் மேட்டுத் தெரு உங்கள் கட்சிக்கு உதவாது. தெருவின் ஓரங்கள் கண்மட்டத்துக்கு மேலே வேறொரு புள்ளியில் சேரும். இறக்கம் என்றால் கீழே. வீடுகளின் ஜன்னல், கூரை விளிம்புகள் மட்டும் பழையபடி கண்மட்டத்துக்கே போகும். அது நேர்க்கோட்டில் போகும் தெருவாக இருந்தால், இரண்டு புள்ளிகளும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கும்.

கரிக்கோல்:
சரி, தெருவை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது தூணை எங்கே நிறுத்துவது? அதைக் கண்தானே சொன்னது? அது தப்பினால் மற்ற மூன்றும் சேர்ந்து தப்பும்.

தாள்நுனி:
இருவருக்கும் நன்றி. சாய்கோடு போட்டேன், தூண்கள் நின்றுவிட்டன. கரிக்கோல் பயந்ததும் நடந்தது: முதல் தடவை இரண்டாவது தூணைத் தள்ளி வைத்துவிட்டேன், ஐந்தாவது கோடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பென்சிலை நீட்டி அளந்து மறுபடி வைத்தேன். நான் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நின்று பார்க்கும் உயரத்தில் கண்மட்டத்தைப் போட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.