குர்குமின் லிப்போசோம் மறுநாளே அடியில் படிகிறது, என்ன செய்யலாம்?

பாளை பார்மசி:
எம்.பார்ம் புராஜெக்ட்டுக்குக் குர்குமின் (மஞ்சளின் நிறப்பொருள்) லிப்போசோம் (மருந்தைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்புக் குமிழி) செய்கிறேன். சோயா லெசித்தின், கொலஸ்ட்ரால், குர்குமின் மூன்றையும் குளோரோஃபார்மில் கரைத்து, ரோட்டாவில் (ஃபிளாஸ்க்கைச் சுழற்றி ஆவியாக்கும் கருவி) ஃபிலிம் போட்டு, 60 டிகிரியில் பஃபர் ஊற்றிச் சுற்றுகிறேன். ஃபிலிம் ஒரு பக்கம் தடித்துப் பிசுபிசுவென்று நிற்கிறது. கலங்கிய மஞ்சளாக வருவது வருகிறது, ஆனால் மறுநாள் காலையில் அடியில் ஆரஞ்சுப் பொடி. கைடு 'மருந்தைக் கூட்டு, என்ட்ராப்மென்ட் (குமிழிக்குள் சிக்கும் மருந்தின் பங்கு) ஏறும்' என்கிறார். எங்கே கோளாறு?

ரோட்டா அண்ணாச்சி:
கூட்ட வேண்டாம் தங்கச்சி, குறையுங்கள். குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பு அடுக்குக்குள் இடம் இருக்கும் வரைதான் உட்காரும், மிஞ்சியது படிகமாகி இறங்கிவிடும். அந்தப் பொடியை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், படிகம் தெரிந்தால் அதுதான். அப்புறம் 60 டிகிரி எதற்கு? அது டி.எஸ்.பி.சி. மாதிரி 55 டிகிரியில் இளகும் கொழுப்புக்கான சூடு, இன்னொரு கொழுப்பான டி.பி.பி.சி.க்கே 41 போதும். சோயா லெசித்தின் நம் ஊர் அறை வெப்பத்தில் ஏற்கெனவே இளகித்தான் கிடக்கும், வீணாகச் சூடேற்றினால் ஆக்சிஜன் பட்டுக் கெடும்.

பிசுபிசுப்பு, குளோரோஃபார்ம் முழுதாகப் போகாததால் இருக்கும். கண்டென்சருக்கு எந்தத் தண்ணீர் விடுகிறீர்கள்? சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் வெந்நீராகத்தான் வரும், ஆவி எங்கே குளிரும்? வாளியில் ஐஸ் போட்டுச் சின்ன பம்ப் வைத்துச் சுற்றவிடுங்கள். பெரிய ஃபிளாஸ்க் எடுத்தால் ஃபிலிம் மெலிதாக விழும். பிறகு ராத்திரி முழுக்க வேக்கம் டெசிகேட்டரில் (காற்றை இழுத்து உலர்த்தும் ஜாடி) வையுங்கள்.

தென்காசி நானோ:
லிப்போசோம் அளவைச் சிறிதாக்கப் புரோப் சோனிகேட்டர் (ஒலியதிர்வால் உடைக்கும் கருவி) வைத்தால் ஐஸில் வைத்துச் செய்யுங்கள், நுனியிலிருந்து டைட்டானியத் துகள் உதிரும், அதையும் எடுக்க வேண்டும். எக்ஸ்ட்ரூடர் (நுண்துளைச் சவ்வு வழியே தள்ளும் கருவி) கிடைத்தால் சவ்வின் துளையை 400, 200, 100 நானோமீட்டர் என்று இறக்கி வாருங்கள். இரண்டு சிரிஞ்சு வகையானால் 11 தடவை மாதிரி ஒற்றைப்படையில் தள்ளுங்கள், சவ்வைத் தாண்டாத பெரிய துகள் முதல் சிரிஞ்சிலேயே தங்கிவிடும்.

பாளை பார்மசி:
நன்றி அண்ணாச்சி. தொட்டித் தண்ணீர்தான்! அமோனியம் சல்பேட்டைக் குமிழிக்குள் வைத்து மருந்தை உள்ளே இழுக்கும் முறையில் ஏற்றினால் என்ன? 1995இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய டாக்சில் (லிப்போசோம் புற்றுநோய் மருந்து) அப்படித்தானே?

ரோட்டா அண்ணாச்சி:
அதில் இருப்பது டாக்சோரூபிசின், வலுக்குறைந்த காரம். உள்ளே போய் அயனியாகி வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். குர்குமினுக்கு அது ஒத்துவராது, ஃபிலிமிலேயே கலப்பதுதான் சரி. என்ட்ராப்மென்ட்டுக்கு மெதுவான வேகத்தில் சென்ட்ரிஃபியூஜ் செய்தால் உள்ளே போகாத குர்குமின் இறங்கும், மேலே நிற்பதை மெத்தனாலில் உடைத்து 425 நானோமீட்டரில் ரீடிங் எடுங்கள். பிரிக்காமல் மொத்தத்தையும் உடைத்து அளந்துவிட்டு 98 சதவீதம் என்று தீசிஸில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த வேலை மட்டும் வேண்டாம்.