மறு: ரோட்டரி எஞ்சினுக்கும் ஏபெக்ஸ் சீலுக்கும் என்ன சொல்?

அன்புடையீர்,

வணக்கம். ரோட்டரி எஞ்சினுக்கும் அதன் உறுப்புகளுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆனால் நீங்கள் பேசும் எஞ்சின், அதாவது பிஸ்டனுக்குப் பதில் முக்கோணம் ஒன்று சுற்றி ஓட்டும் எஞ்சின், இங்கே இங்கிலாந்தில் என் வீட்டு வாசலிலேயே நிற்கிறது: 2006-ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்குப் பாயசம். இனியும் வாய் திறக்காமல் இருந்தால் தப்பு.

> ரோட்டரி எஞ்சின் = சுழற்பொறி. சுருக்கமாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாமே.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் எந்த எஞ்சினில்தான் ஒன்றும் சுழலாமல் இருக்கிறது? போதாக்குறைக்கு, முதல் உலகப்போர் விமானங்களில் சிலிண்டர்களே தண்டைச் சுற்றிச் சுழலும் எஞ்சின் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் அதற்கும் ரோட்டரி, இதற்கும் ரோட்டரி. அவர்கள் குழப்பத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? ‘சுழலி’யை டர்பைன்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு வழி காட்டியது யாழ்ப்பாணத்து நண்பர் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. இலங்கைப் பாடநூல்களில் பிஸ்டனுக்கு ‘முசலம்’ என்று பெயர். முசலம் என்றால் உலக்கை. மேலும் கீழும் போய் இடிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. சரி, உலக்கைக்கு மாற்று நம் வீட்டில் எது? ஆட்டுக்கல்லின் குழவி! குழியின் நடுவில் நிற்காமல், ஒரு பக்கம் ஒதுங்கி, சுவரை உரசிக்கொண்டே சுற்றும். இந்த எஞ்சினிலும் அதே கதைதான். நிலக்கடலைத் தோடுபோல இடை ஒடுங்கிய கூட்டுக்குள், வயிறு புடைத்த முக்கோணம் ஒன்று ஒதுங்கி ஒதுங்கிச் சுற்றுகிறது. அது ஒரு சுற்று முடிப்பதற்குள் தண்டு மூன்று சுற்றிவிடும்.

இந்த ஒப்புமை வரலாற்றிலும் ஒட்டுகிறது. பெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்து 1957-இல் ஜெர்மனியில் என்எஸ்யூ நிறுவனத்தில் முதலில் ஓடிய எஞ்சினில் முக்கோணத்தோடு கூடும் சேர்ந்து சுழன்றது. வெட் கிரைண்டரில் பாத்திரம் சுழல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் மாற்றக்கூட எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிறகு அதே நிறுவனத்துப் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை நிறுத்திவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சுற்றவிட்டார். கிரைண்டரிலிருந்து ஆட்டுக்கல்லுக்குத் திரும்பியதுதான் முன்னேற்றம்!

எனவே ரோட்டர் எனப்படும் அந்த முக்கோணத்துக்குக் குழவி. எஞ்சினுக்கு? ‘குழவிப்பொறி’ என்று எழுதி மனைவியிடம் காட்டினேன். “குளவி பிடிக்கிற பொறியா?” என்றாள். நம்மில் பாதிப் பேர் ழகரத்தை விழுங்குகிறவர்கள், ஆகவே அது வேண்டாம். ‘குழவி எந்திரம்’ என்றால் கடைக்காரர் இட்லி மாவு கிரைண்டரைக் காட்டுவார். ‘குழவி எஞ்சின்’ என்று விட்டுவிடுவோம். எஞ்சின் என்ற சொல் நம் ஊருக்கு ரயிலோடு வந்து குடியேறிவிட்டது, அதைத் துரத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. தூய்மை வேண்டுவோர் என்னை மன்னிக்க.

> ஏபெக்ஸ் சீல்: உச்சி முத்திரை / முனை அடைப்பு / முனைக்காப்பு

இங்கேதான் உண்மையான சண்டை. ஏபெக்ஸ் சீல் என்பது முக்கோணத்தின் முனையில் காற்று கசியாமல் உட்காரும் துண்டு. முத்திரை அகராதியைப் பார்த்து வந்தது, தாசில்தார் அலுவலகத்துக்கே இருக்கட்டும். மற்ற இரண்டையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். “முனை அடைப்பு இருக்கிறது” என்று மெக்கானிக் சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றும்? சாக்கடை அடைப்பு, இதய அடைப்பு மாதிரி எதுவோ சிக்கிக்கொண்டது என்றுதானே? அது இருப்பது நல்ல சேதி, ஆனால் கேட்டால் பயம் வருகிறது. காப்பு என்றால் முனையைக் காப்பது என்றாகிறது. இது காப்பது முனையை இல்லை, முக்கோணத்தைச் சுற்றியுள்ள மூன்று அறைகளுக்கும் நடுவே காற்று தாவாமல் தடுக்கிறது.

பொருளைக் கண்ணால் பார்த்தால் சொல் தானாக வரும். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு பள்ளம். அதில் 2 மில்லிமீட்டர் கனம், 80 மில்லிமீட்டர் நீளத்தில் ஓர் உலோகத் துண்டு. பின்னாலிருந்து வில் ஒன்று தள்ள, அது சுவரைத் தடவிக்கொண்டே ஓடும். என் கையில் பழையது ஒன்று இருக்கிறது. எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் மூங்கில் சிம்பு மாதிரியே இருக்கிறது. ‘முனைச்சிம்பு’ என்பது என் பரிந்துரை. நடிகரை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.

இப்படிக் கண்ணால் பார்த்துப் பெயர் வைப்பது புதிதல்ல. ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோ குழுவுக்கு 1960-களில் தலைவலி கொடுத்தது இந்தத் துண்டுதான். அது அதிர்ந்து அதிர்ந்து கூட்டின் சுவரில் அலையலையாகக் கோடு போட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பேயின் நகக்கீறல்’. கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த சிம்பால் பேயை ஓட்டி, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்கு விட்டார்கள்.

சொல் நிற்குமா என்று பார்க்க, நான் வண்டி வாங்கிய கதையை இந்தச் சொற்களாலேயே சொல்கிறேன். முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினேன். இழுத்தது, இழுத்தது, கிளம்பவில்லை. விற்பவர் பாட்டரியைக் குறை சொன்னார். குழவி எஞ்சின் சூட்டில் கிளம்ப மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முனைச்சிம்பைத்தான். கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்க்க வண்டியைக் கொண்டுபோனேன். சாதாரண அளவி குழவியின் மூன்று முகங்களில் பெரிய எண்ணை மட்டும் காட்டும், நொண்டி முகத்தை மறைத்துவிடும். இதற்கென்று இருக்கும் கருவி ஒவ்வொரு குழவிக்கும் மூன்று எண் தரும். இந்த வண்டியில் குழவி இரண்டு. முன்குழவியில் மூன்றும் ஏழு பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல். பின்குழவியில் ஒன்று ஏழரை, மற்ற இரண்டும் ஐந்தரைக்குக் கீழே. ஒரு சிம்பு போனால் அதன் இரு பக்கத்து அறைகளும் படுக்கும். நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

இப்போதைய வண்டி இரண்டாவதாகப் பார்த்தது. சிம்பு காயாமலிருக்க இந்த எஞ்சின் தன் எண்ணெயைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் விட்டு எரிக்கும். அதனால் இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்துவிடுவேன். “எண்ணெய் குடிக்கிறதே, கெட்டுப்போச்சா?” என்று கேட்பவர்களுக்கு என் பதில், குடிக்காவிட்டால்தான் கவலை.

ஒரே ஒருமுறை ஏமாந்தேன். பனிக்காலக் காலையில் வாசலிலிருந்து கொட்டகைக்கு நகர்த்திவிட்டு உடனே அணைத்தேன். மறுநாள் பிளக்கெல்லாம் பெட்ரோலில் நனைந்து கிளம்பவே இல்லை. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு உயிர் கொடுத்தேன். இதற்கு ‘எரிபொருள் வெள்ளப்பெருக்கு’ என்று இழையில் ஒருவர் எழுதியிருந்தார். பைக் ஓட்டிய தலைமுறை முழுக்க ‘ஓவர்ஃப்ளோ’ என்றே சொன்னது. நான் ‘பிளக் நனைவு’ என்பேன்.

இன்னொன்று பாக்கி. குழவியின் பக்கவாட்டில் வளைந்து கிடக்கும் மெல்லிய துண்டுக்குப் ‘பக்கச்சிம்பு’ ஒத்துவருகிறது. ஆனால் முனைச்சிம்பும் பக்கச்சிம்பும் சந்திக்கும் மூலையில், சட்டைப் பொத்தான் அளவில், வட்டமாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதைச் சிம்பு என்றால் பொய். ‘மூலைக்குமிழ்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனதுக்கு ஒட்டவில்லை. தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அன்புடன்,
வாசலில் எண்ணெய்க் குச்சியோடு நிற்பவன்